ஒரு வீடா இரண்டு வீடா

ஒப்ராத்திடம் யாராவது தன்மையாகப் பேசிவிட்டால் போதும், மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஊரில் நல்ல பெயர் வாங்கலாம். அரசாங்கத்திடம் ஒரு தினார் வாங்க முடியாது.

எங்கள் ஊர் லிம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை. ஒப்ராத் அங்கேதான் வேலை பார்த்தான். ஒரு வசந்தத்தில் முதலாளிகள் பாதி இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்களைக் குறைக்கும் பொறுப்பு ராஷ்கோவின் தலையில் விழுந்தது. ராஷ்கோ ஒப்ராத்துக்குக் கும். அதாவது அவன் கல்யாணத்தில் தோழனாக நின்றவன், மகள் நெவேனாவுக்கு ஞானத்தந்தை. எங்கள் பக்கத்தில் கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், பாதிரியாரோடுகூடப் போடலாம், கும் பேச்சைத் தட்டக் கூடாது.

“எல்லாரும் போட்டுட்டாங்க கும். நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு. எனக்கும் மேலிடத்துல தலைவலி மிச்சம்” என்றான் ராஷ்கோ.

ஒப்ராத் போட்டான். எதில் போட்டோம் என்பது வேலையில்லாதவர்களுக்கான பணம் கேட்டு வேலைவாய்ப்பு அலுவலகமான பியூரோவில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீங்களா விரும்பித்தானே வேலைய விட்டிருக்கீங்க?”

“நான் எங்கம்மா விட்டேன்? அவங்கதான் போகச் சொன்னாங்க.”

“ரெண்டு தரப்பும் பேசிச் சம்மதிச்சுப் பிரிஞ்சதா இருக்கே. கையெழுத்து உங்களுதுதான?”

“என்னுதுதான்.”

“அப்பப் பணம் வராது.”

மேல்முறையீடு போட்டான். பிளம் பழங்கள் பழுத்து விழும் காலத்தில் பதில் வந்தது. அதுவும் வராது என்றே சொன்னது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாய் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ராஷ்கோவும் சொன்னான், அதுதான் வேடிக்கை.

மிச்சம் இருந்தது சமூகநல மையம். வருமானம் இல்லாத குடும்பத்துக்கு மாத உதவியும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் அங்கே தருகிறார்கள். ஒப்ராத்துக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் வுக் மூன்றாம் வகுப்பு. பெரியவள் நெவேனா எட்டாவது முடிக்கப் போகிறாள். உஷித்சேயில் உள்ள செவிலியர் பள்ளியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. மதிப்பெண் இருந்தது. விடுதிக்கும் பஸ்ஸுக்கும் பணம் இல்லை. அந்த உதவித்தொகை அடுத்த செப்டம்பருக்குள் வந்தால் அவள் உஷித்சே போவாள். வராவிட்டால் எங்கள் ஊரிலேயே இருக்கும் தையல் பிரிவில் உட்காருவாள், ஊசி என்றாலே அவளுக்கு ஆகாது. (ஊசி போடுகிற படிப்புக்கு எப்படிப் போகிறாய் என்று அவள் அம்மா பில்யானா கேலி செய்வாள். அது வேற ஊசி என்பாள் பெண்.)

விண்ணப்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் ஒப்ராத்தின் பேனா நின்றுவிட்டது. “குடும்பத்தில் எத்தனை பேர்?”

இதற்குப் பதில் தெரியாதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா இரண்டு மகன்களுக்கென்று இரண்டு தளம் கட்டினார். கீழே மூத்தவன் விதோமிர், அவன் மனைவி ருஷித்சா. மேலே ஒப்ராத்தின் நாலு பேர். ஏறிப் போக வெளியே ஒரு படிக்கட்டு. அப்பா செத்தும் வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. யாரும் போய் மாற்றவில்லை, எங்கள் ஊரில் பாதி வீடுகள் செத்தவர்கள் பெயரில்தான் நிற்கின்றன. மின்சார மீட்டர் ஒன்று. விறகு ஒன்றாக வாங்கி ஒன்றாக அடுக்குவார்கள். பன்றி ஒன்றாக அறுப்பார்கள். அடுப்பு மட்டும் இரண்டு. விதோமிருக்கு நகராட்சிக் குடிநீர் பிரிவில் மேஸ்திரி வேலை, மாதம் பிறந்தால் சம்பளம்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்ராத் ‘நான்கு’ என்று எழுதினான். எழுதிய பிறகு அண்ணன் பெயரை அடித்துவிட்டது போல ஒரு குற்ற உணர்வு வந்தது. விதோமிரிடம் அதைச் சொல்லவில்லை.

நேரில் பார்த்து உறுதிசெய்ய மையத்திலிருந்து ஆள் வருவார்கள் என்றார்கள். என்றைக்கு என்று சொல்ல மாட்டார்கள். இலையுதிர் காலம் முழுக்க பில்யானா வீட்டைப் பெருக்கிப் பெருக்கிக் காத்திருந்தாள், யாரும் வரவில்லை. வந்தார்கள், நவம்பர் நடுவில், ஜூர்ஜித்ஸ் அன்று. அதுதான் அந்த வீட்டின் ஸ்லாவா.

ஸ்லாவா என்றால் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள். ஒரு வீட்டுக்கு ஒரு புனிதர், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ரொட்டி. யாரையும் அழைப்பதில்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு மூத்தவன் உட்காரக் கூடாது, நின்றபடியே விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும். விதோமிர் புதுச் சட்டையில் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒப்ராத் குடும்பமும் கீழேதான் இருந்தது. பில்யானா முட்டைக்கோஸ் இலையில் கறி சுற்றிய சர்மா பரிமாறினாள், ருஷித்சா வறுத்த கறியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு பெண் தோளில் பையோடு தயங்கி நின்றாள். பெயர் ல்யூபிங்கா. மையத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். மேசையையும் மெழுகுவர்த்தியையும் பார்த்தவுடன் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“இன்னிக்கு உங்க ஸ்லாவான்னு தெரியாது. நான் இன்னொரு நாள் வரேன்.”

அவள் போயிருப்பாள். நிஜமாகவே போயிருப்பாள். விட்டால்தானே.

“இன்னொரு நாளா? எங்கம்மா போறீங்க? ஸ்லாவா அன்னிக்கு வாசல் மிதிச்சவங்களத் திருப்பி அனுப்புனா எங்கப்பன் கல்லறையிலேருந்து எழுந்து வந்து என்னைய அடிப்பான். உள்ள வாங்க. ஒப்ராத், நாற்காலி போடு” என்றான் விதோமிர்.

ஒப்ராத் போட்டான். ல்யூபிங்கா உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், ஒரு சின்னக் கிண்ணம் ராக்கியா என்கிற பழச் சாராயமும் குடித்தாள். சாப்பிட்டுக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, மெழுகுவர்த்தி யார் ஏற்றியது என்று கேட்டாள்.

“அண்ணன்தாங்க. அவர்தானே வீட்டுக்கு மூத்தவர்” என்றான் ஒப்ராத். வேறு எப்படிச் சொல்வான்? விருந்தாளி முன்னால், அண்ணன் நின்றுகொண்டிருக்கையில்.

விதோமிருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தம்பியின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மேசைக்கே கேட்கும்படி சொன்னான்: “இந்த வீட்டுல மேல கீழன்னு ஒண்ணும் கெடையாதும்மா. எங்கப்பன் காலத்துலேருந்து ஒரே பானைதான். நான் சாப்புட்டா என் தம்பியும் சாப்புட்டான்னு அர்த்தம்.”

எல்லாரும் கிண்ணத்தை உயர்த்தினார்கள். பில்யானா மட்டும் சர்மாத் தட்டை வைத்துக்கொண்டு புருஷனை முறைத்துப் பார்த்தாள். ஒப்ராத்தும் கிண்ணத்தை உயர்த்தினான். ல்யூபிங்கா வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விண்ணப்பதாரர் தன் அண்ணனோடு சேர்ந்து வாழ்கிறார், சேர்ந்து செலவழிக்கிறார். ஆகவே ஒரே குடும்பம். அண்ணனின் சம்பளத்தைக் கணக்கில் எடுத்தால் உதவிக்குத் தகுதி இல்லை.

“ஒரே பானையாம். அந்தப் பானை எங்க இருக்குன்னு உங்க அண்ணன்கிட்டயே கேட்டுட்டு வாங்க. நானும் வீடு பூரா தேடிட்டுதான் இருக்கேன்” என்றாள் பில்யானா.

ஒப்ராத் மையத்துக்குப் போனான். ல்யூபிங்கா கெட்டவள் இல்லை. அவளும் சங்கடத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

“நாங்க தனித்தனியாத்தான் சமைக்கிறோம் மேடம்.”

“அன்னிக்கு ஒண்ணாத்தானே சாப்பிட்டீங்க?”

“அது ஸ்லாவா.”

“நீங்களே சொன்னீங்க, அண்ணன்தான் மூத்தவர்னு. அவரு சொன்னாரு, ஒரே பானைன்னு. நீங்க கிண்ணத்தத் தூக்குனீங்க. நான் அங்க உக்காந்து சர்மா சாப்புட்டேன், ருசி இன்னும் நாக்குல நிக்குது. பாத்தத எழுதாம வேற எத எழுதுவேன்?”

“அப்ப தனின்னு எப்படிக் காட்டுறது?”

“தனி மீட்டர் இருக்கா?”

தனி மீட்டர் கேட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனான். வீடு யார் பெயரில் என்று கேட்டார்கள். அப்பா பெயரில் என்றான். அப்பாவைக் கூட்டி வா என்றார்கள். செத்துவிட்டார் என்றதும், அப்படியானால் வாரிசுத் தீர்ப்பு வாங்கி வா என்றார்கள். அதற்கு நீதிமன்றத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்து பாகம் பிரித்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும், தேதி அடுத்த வருடம் கிடைக்கலாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவன் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடந்தான். எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். நீங்கள் ஒரு வீடா, இரண்டு வீடா?

அவனுக்கே அது தெரியவில்லை என்பதுதான் உண்மை. பன்றி அறுக்கும்போது ஒரு வீடு. மீட்டர் கட்டணம் வரும்போது ஒரு வீடு, பாதி அவன் கொடுக்க வேண்டும். போன வருடம் வேலை போன புதிதில் ருஷித்சா தினமும் மத்தியானம் ஒரு பெரிய தட்டை மூடி மேலே அனுப்புவாள். அப்போது ஒரு வீடுதான். கோடை முடிந்த பிறகு ஒருநாள் தட்டு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. யாரும் ஏன் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது எந்தக் கணக்கில் சேரும்?

புருஷனும் மனைவியும் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினார்கள். பெல்கிரேடில் இருக்கிற அமைச்சகத்துக்கு. வாசகம் பில்யானாவுடையது: “எனக்கும் என் அண்ணனுக்கும் சேர்ந்த வாழ்க்கை என்று எதுவும் இல்லை.” ஒப்ராத் அதைக் கொஞ்சம் மென்மையாக மாற்றலாமா என்று கேட்டான். மென்மையா எழுதித்தான் இந்த நெலமை என்றாள் அவள். அவன் கையெழுத்துப் போட்டான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒரே குடும்பம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டதால், அந்தக் குடும்பத்து ஆள் என்ற முறையில் விதோமிருக்கும் அந்த மேல்முறையீட்டின் நகல் ஒன்று பதிவுத் தபாலில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டு ஏறி வந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“இது நீ எழுதுனதா?”

“அண்ணே, அது ஆபீஸுக்கு எழுதுற பாஷ.”

“சேர்ந்த வாழ்க்கை எதுவும் இல்ல. சின்ன வயசுல உனக்கு ஜொரம் வந்தப்போ, ஆறு பொங்கி வழிய, தோள்ல தூக்கிட்டு டாக்டர்கிட்டப் போனது யாரு? பெல்கிரேட்காரனா?”

“அத்தான், அவர் பேருல கோவப்படாதீங்க. நான்தான் எழுதுனேன். ஒங்க சம்பளத்த எங்க பேருல கணக்குப் போடுறாங்க. அந்தச் சம்பளம் எங்க கண்ணுக்கு ஒரு தடவகூடப் படல” என்றாள் பில்யானா.

விதோமிரின் முகம் சிவந்தது.

“ஆபீஸ்ல வந்து என் தம்பி என் வீடு இல்லேன்னு நான் சொல்லணும். அதத்தான கேக்குற?”

ஒப்ராத் மென்று விழுங்கினான். ஆமாம் என்று சொன்னால் அண்ணன் போய்விடுவான், இல்லை என்று சொன்னால் உஷித்சே போய்விடும். விதோமிர் படியிறங்கினான். அதற்குப் பிறகு இரண்டு தளத்துக்கும் பேச்சு இல்லை. விறகை மட்டும் இருவரும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தார்கள், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் வராமல்.

ஏப்ரலில் பெல்கிரேடிலிருந்து உறை வந்தது. தபால்காரர் முன்னாலேயே ஒப்ராத் பிரித்தான். முதல் வரியில் தடித்த எழுத்தில் இருந்தது: மேல்முறையீடு ஏற்கப்படுகிறது.

அவன் மேலே படிக்கவில்லை. நல்ல செய்தி வந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்காதவனை எங்கள் ஊரில் கஞ்சன் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், நோயாளி என்பார்கள். தபால்காரரைக் கடைக்குக் கூட்டிப்போய் பீர் வாங்கிக் கொடுத்தான். கடை வாசலில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தான், கடனில்தான். ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய் அண்ணன் வாசலில் வைத்துவிட்டு மேலே வந்தான். நெவேனா அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். பிறகு அந்தப் பெண் காகிதத்தைக் கையில் வாங்கி உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தாள்.

“அப்பா, ஏத்துக்கிட்டாங்க. ஆனா பணம் தரச் சொல்லல.”

“ஏத்துக்கிட்டா தரணும்ல?”

“முன்னாடி குடுத்த தீர்ப்ப ரத்து பண்ணியிருக்காங்க. விசாரணை சரியா நடக்கலையாம். கீழ இருக்கிற மையமே மறுபடியும் மொதல்லேருந்து விசாரிக்கணுமாம்.”

“எந்த மையம்?”

“நம்ம மையம்தான்.”

பழைய குருடி, கதவைத் திறடி. ஒப்ராத் ஜெயித்திருந்தான், ஜெயித்துப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றான். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவன் மகளிடம் இரண்டு தடவை கேட்டான். அவள் படித்த பெண், அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கீழே போய் அந்த பீர் பாட்டிலை எடுத்து வந்துவிடலாமா என்று யோசித்தான், அதற்குள் யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மறுவிசாரணை ஜூனில் வந்தது. இந்த முறை இரண்டு பேருக்கும் அழைப்பு. விண்ணப்பதாரர் ஒப்ராத், சாட்சி விதோமிர். முதல் நாள் சாயங்காலம் ஒப்ராத் கீழே இறங்கித் தோட்டத்தில் நின்ற அண்ணனிடம் போனான்.

“நாளைக்கு வருவியா?”

“கூப்புட்டிருக்காங்கல்ல.”

“என்ன சொல்லப் போற?”

“கேக்கறதுக்குப் பதில் சொல்வேன்” என்று சொல்லிவிட்டு விதோமிர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டான்.

மறுநாள் இருவரும் தனித்தனியாக நடந்து போனார்கள், ஒரே தெருவில், ஐம்பதடி இடைவெளியில். ல்யூபிங்காவின் அறையில் இரண்டு நாற்காலிகள் ஒட்டிப் போட்டிருந்தன. விதோமிர் ஸ்லாவாச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் ஒப்ராத்துக்கு, இந்தச் சட்டையில் இவன் ஒரே பானை என்றுதான் சொல்வான், நெவேனாவின் விடுதி போயிற்று என்று தோன்றியது.

“நவம்பர்ல நான் வந்தப்போ ஒரே பானைன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?” என்று ல்யூபிங்கா கேட்டாள்.

“இருக்கு.”

“அது உண்மைதானா?”

“விருந்தாளி முன்னாடி வேற என்னம்மா சொல்வாங்க? பொய்.”

அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். “வெறும் பொய்னு சொன்னா நான் எழுத முடியாது. போன தடவையும் இப்படித்தான் மேல அனுப்பி, விவரம் இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. தனியா இருந்தீங்கன்னா அது எப்படித் தெரியும்? விவரமா சொல்லுங்க.”

விதோமிர் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். ல்யூபிங்காவைப் பார்த்துத்தான் பேசினான், பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்க்கவில்லை.

“இவன் வேல போனப்போ ருஷித்சா தெனமும் மேல சாப்பாடு அனுப்புனா. கோடை முடிஞ்சதும் நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“ஏன்?”

“பழகிப்போயிடும்னு. சாப்பாடு கெடைக்கிற வரைக்கும் இவன் எங்கயும் நகர மாட்டான், நிறுத்துனா ஜெர்மனிக்காவது போவான்னு நெனச்சேன். அப்புறம்… எனக்கும் ரிட்டயர்மெண்ட் வருது. நாலு பேருக்கு எத்தன நாளைக்குப் போடுறதுன்னு கணக்குப் பாத்தேன். அதையும் எழுதிக்கோங்க.”

ல்யூபிங்கா எழுதினாள்.

“மேல என்ன சமைக்கிறாங்கன்னு கீழ தெரியும். நடுவுல இருக்குற தளம் மெலிசு. உருளைக்கிழங்குதான். சாயங்காலம் சட்டிய வழிக்கிற சத்தம் கேக்கும். கேட்டுட்டு நான் டிவி சத்தத்தக் கூட்டிப்பேன். நாங்க கறி வறுத்தா ஜன்னலச் சாத்திட்டு வறுக்கச் சொல்வேன். வாசன மேல போகும்ல. கொழந்தைங்க இருக்கு.”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“இத எழுதணுமாங்க?” என்று அவள் கேட்டாள். அதிகாரி கேட்கிற குரல் இல்லை அது.

“எழுதுங்க. எழுதுனாத்தான வேற வீடு.”

அவள் எழுதி முடித்து ஒப்ராத்தின் பக்கம் திரும்பினாள். “உங்க அண்ணன் சொன்னது சரிதானா? நீங்க உறுதிப்படுத்தணும்.”

ஒப்ராத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு நின்றது தெரியும். நிறுத்தியது ருஷித்சா என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான், மனசுக்குள் அவளைத் திட்டியும் இருந்தான். ஜன்னல் விஷயம் தெரியாது. இது நிஜமா, நெவேனாவுக்காக அண்ணன் கட்டிய கதையா? விதோமிர் அப்படிக் கதை கட்டுகிறவன்தான், ஸ்லாவா மேசையில் கட்டியதை ஊரே கேட்டது. தெரியாது என்று சொன்னால் மறுபடி மேல்முறையீடு, மறுபடி பெல்கிரேட். பொய் என்று சொன்னால் அண்ணன் மானம் தப்பும், மகள் தையலுக்குப் போவாள். ல்யூபிங்கா காத்துக்கொண்டிருந்தாள், தன்மையாகத்தான்.

“ஆமா” என்றான். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே விதோமிரும் போட்டான். இரண்டு கையெழுத்திலும் கடைசி எழுத்தின் வால் ஒரே மாதிரி வளைந்திருந்தது, ஒரே அப்பனிடம் எழுதப் பழகியவர்கள்.

திரும்பும்போது சேர்ந்து நடந்தார்கள். பாலத்து நடுவில் விதோமிர் நின்று சிகரெட் பற்ற வைத்தான்.

“நல்லா எழுதிக்கிட்டாளா?”

“எழுதிக்கிட்டா.”

“இது போதுமாமா?”

“போதும்னு நெனைக்கிறேன். நாம வெளிய வர்றப்போ, இந்தத் தடவ தொல்லை இருக்காதுன்னு சொன்னாளே.”

“அப்பச் சரி.”

ஆறு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒப்ராத் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கன்னத்தில் ஒன்று விட வேண்டும் என்றும் தோன்றியது. எது முதலில் என்று தெரியவில்லை.

“அண்ணே, கேஸுக்காகத்தான அப்படிச் சொன்ன?”

“எத?”

“ஜன்னல.”

விதோமிர் புகையை விட்டான். ஒரு ‘ஆமாம்’ போதும். ஒப்ராத் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான், பொய் என்று தெரிந்தாலும் வாங்கியிருப்பான்.

“தெனமும் இல்லடா. கறி வறுக்கிறப்ப மட்டும்தான்.”

பாலத்தின் மேல் ஒரு பஸ் போனது.

“நீ வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல? கூடப் பொறந்தவன்கிட்டக் கேக்க என்ன வெக்கம்?” என்றான் விதோமிர்.

“நீ கூப்பிட்டிருக்கலாம்.”

“நீ கேட்டிருந்தா கூப்பிட்டிருப்பேன்.”

சிகரெட் முடிந்தது. நடந்தார்கள். வீட்டு வாசலில் விதோமிர் கீழ்க்கதவுக்குள் நுழைந்தான், ஒப்ராத் படி ஏறினான். என்ன ஆச்சு என்று பில்யானா கேட்டாள். “கெடச்சுடும்” என்றான். அப்படி என்றால் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு என்றாள். அவன் அவளிடம் ஜன்னல் கதையைச் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மையத்தில் காது நிறையப் பேருக்கு உண்டு, எங்கள் ஊர் சின்ன ஊர்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இந்த முறை நெவேனா எல்லாப் பக்கத்தையும் படித்த பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள். விண்ணப்பதாரரும் அவருடைய அண்ணனும் ஒரே கட்டடத்தில் வாழும் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் என்று ஐயமறத் தெரியவருகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவையும் சேர்த்துக் கொடுக்க உத்தரவு. விடுதிக்கு முன்பணம் கட்டினார்கள். ஒரு பெட்டி வாங்கினார்கள். பில்யானா அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, அது மகள் வீட்டை விட்டுப் போகிறாளே என்று.

எல்லாம் கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஒப்ராத்துக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடம் முழுக்கத் தெரியாமல் இருந்த ஒன்று இப்போது முத்திரை குத்தித் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்ததே மேல் என்று அவனுக்குப் பட்டது. குழப்பமாக இருந்தவரை பாதி நாளாவது ஒரு வீடாக இருந்தார்கள்.

பணத்துக்குக் காரணமானவனிடம் சொல்லாமல் இருப்பது முறையல்ல. அன்று மத்தியானம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினான். அது அவன் பிறந்த தளம். அம்மா இருந்த காலத்திலும் அதன் பிறகும் அந்தக் கதவை அவன் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறான், சில நாள் காலால்கூடத் தள்ளியிருக்கிறான். அன்றைக்கு அதன் முன்னால் போய் நின்றான். தன் கை எழுந்து விரலை மடக்கித் தட்டுவதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“யாரு?” என்றாள் ருஷித்சா.

நான்தான் என்று வாய் வரை வந்தது. எந்த நான் என்று அவளுக்குத் தெரியுமா என்று ஒரு நொடி சந்தேகமாக இருந்தது.

“ஒப்ராத்” என்று பெயரைச் சொல்லிவிட்டு, கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தான்.